மருந்துப் போத்தலைத் திறக்குமுன் மீனைப் பாருங்கள்

“காக்கா, மீனெல்லாம் தொட்டிச் சுவரில் உரசுது. என்ன மருந்து போட?”

அலங்கார மீன் வளர்க்கும் நம்மவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வருகின்ற கேள்வி இது. கல்முனையிலிருந்தும் வரும், சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றிலிருந்தும் வரும். மாரி மழை தொடங்கிவிட்டால் இன்னும் கூடுதலாக வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: “மீனில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தீர்களா?” பெரும்பாலும் பதில் இருக்காது. பார்க்கவில்லை, ஆனால் அதற்குள் இரண்டு வகை மருந்து போட்டாகிவிட்டது. கடைக்காரர் தந்த நீல மருந்து ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கொண்டிஸ் இன்னொன்று.

இந்த வாரம் இதைப் பற்றி எழுத எண்ணியதற்குக் காரணம் உண்டு. அலங்கார மீன் என்பது நமது பிரதேசத்தில் பெரிய முதலாளிமாரின் தொழில் அல்ல. முற்றத்தில் நாலு சீமெந்துத் தொட்டி, ஒரு எயார் பம்ப், கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டிலுள்ள பெண்களும் நடத்தக்கூடிய தொழில். கப்பி மீன் ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு தடவை குஞ்சு போடும். முட்டையைப் பிரித்தெடுத்துப் பொரிக்க வைக்கும் தொல்லை இல்லை. இலங்கையிலிருந்து வெளிநாடு போகும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பங்கு இந்தக் கப்பிதான். கரையோரக் கிணற்று நீரின் கடினத்தன்மையும் இலேசான உவர்ப்பும் பல பயிர்களுக்கு ஆகாது. கப்பிக்கும் மொலிக்கும் அது ஒத்துப்போகும். எனவே நமக்கு இயற்கையாகவே ஒரு வசதி இருக்கின்றது. இவ்வளவு வசதி இருந்தும் தொழிலை ஆரம்பித்த பலர் இரண்டு வருடத்துக்குள் தொட்டியைக் கவிழ்த்துவிடுவது ஏன்? கேட்டுப் பார்த்தால் “நோய் வந்து எல்லாம் போயிற்று” என்பார்கள். என்ன நோய் என்று கேட்டால் தெரியாது.

வியாபாரக் கண்ணால் ஒரு விடயத்தைப் பாருங்கள். மீன் தொட்டியில் நன்றாக நீந்துகிறது, தீனும் எடுக்கிறது. பொலித்தீன் பையில் ஒட்சிசன் நிரப்பி இரவோடிரவாகக் கொழும்புக்கு அனுப்புகிறோம். காலையில் பையைத் திறந்தால் கால்வாசி செத்துக் கிடக்கிறது. வாங்குபவர் உயிரோடு உள்ளதை மட்டும் எண்ணிப் பணம் தருவார். அனுப்பியவர் லொறிக்காரரைக் குறை சொல்வார், பையைக் குறை சொல்வார், வெயிலைக் குறை சொல்வார். உண்மையில் பல வேளைகளில் நடப்பது இதுதான்: “பூ” என்று நாம் சொல்லும் செவுளில் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் நிறைந்து, சளி படர்ந்து, மூச்சுவிடும் இடம் பாதியாகக் குறைந்திருக்கும். தாராளமான தண்ணீரில் அந்தப் பாதிச் செவுளைக் கொண்டு மீன் சமாளித்துவிடும். நெருக்கி அடைத்த பையில் சமாளிக்க முடியாது. நோய் பையில் வந்ததல்ல, தொட்டியிலிருந்தே பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு வந்தது.

இது நமது முற்றத்துத் தொட்டிகளுக்கு மட்டுமான பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். 1999 ஒக்டோபர் முதல் 2000 மார்ச் வரை இலங்கையின் 26 ஏற்றுமதிப் பண்ணைகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கப்பி, கோல்ட் பிஷ், பிளட்டி, மொலி, ஏஞ்சல், சோட்டெயில், டெட்ரா, பைட்டர் என 13 இனங்களைச் சேர்ந்த 1520 மீன்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2003ஆம் ஆண்டு நீர்வாழ் உயிரினங்களின் நோய்கள் பற்றிய சர்வதேச சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தன. 26 பண்ணைகளில் 23இல் ஒட்டுண்ணி இருந்தது. மீன்களில் 45.3 வீதமானவை ஏதோ ஒரு ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டிருந்தன. இவை வெளிநாட்டுக்கு மீன் அனுப்பும், வசதியுள்ள பண்ணைகள் என்பது கவனிக்கத்தக்கது. அங்கேயே நிலைமை அதுவென்றால் நமது தொட்டிகளில் எதுவுமே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

அந்த ஆய்வில் நமக்கு மிக முக்கியமானது வீதக் கணக்கு அல்ல, பட்டியல். தட்டைப்புழு வகைகள் ஒன்பது, ஒற்றைக்கல உயிரிகள் ஏழு, இறால் நண்டு இனத்தோடு உறவுள்ள ஓட்டுயிரிகள் மூன்று, நத்தை வழியாக வரும் புழுக் குடம்பி ஒன்று, குடலில் வாழும் உருளைப்புழு ஒன்று. ஆக 21 விதம். இந்த இருபத்தொன்றுக்கும் ஒரே போத்தல் மருந்து எப்படிச் சரிவரும்? வயிற்றுவலிக்காரன், பல்வலிக்காரன், கால் முறிந்தவன் மூவருக்கும் ஒரே குளிசை கொடுப்பதைப் போன்றது அது.

முதலில் ஒட்டுண்ணி அல்லாதவை

எதையும் ஒட்டுண்ணியின் தலையில் போடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். மீன் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கினால் அது செவுள் புழுவாகவும் இருக்கலாம், அமோனியா கூடியதாகவும் இருக்கலாம், ஒட்சிசன் குறைவாகவும் இருக்கலாம். ஒரே நேரத்தில் தொட்டியிலுள்ள எல்லா மீனும் அவதிப்பட்டால் முதல் சந்தேகம் தண்ணீர் மீது. இன்று இரண்டு, நாளை ஐந்து, மறுநாள் பத்து எனக் கூடிக்கொண்டு போனால் தொற்றுநோய். அமோனியா அளக்கும் சிறு பெட்டி மீன் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அது இல்லாவிட்டால் மூன்றிலொரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு அரை நாள் பொறுத்துப் பாருங்கள். குழாய் நீர் என்றால் குளோரின் போன பிறகுதான் மாற்ற வேண்டும், இல்லையேல் மருந்தே நோயாகிவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கோல்ட் பிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன் செட்டையின் முதல் முள்ளிலும் வெள்ளைக் குருணிகள் வரிசையாக வரும். அது நோயல்ல, மாப்பிள்ளைக் கோலம். இதை வெண்புள்ளி நோய் என்று எண்ணி ஒரு வாரம் மருந்து ஊற்றியவர்களை நான் அறிவேன். வெண்புள்ளி நோய் உடல், செட்டை, வால் எங்கும் ஒழுங்கில்லாமல் உப்புத் தூவியதைப் போல் வரும். மாப்பிள்ளைக் குருணி அந்த இரண்டு இடங்களில்தான், ஒழுங்காக வரும்.

வெறும் கண்ணுக்குத் தெரிபவை

சிலவற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கோல்ட் பிஷ், கொய் கார்ப் வளர்ப்பவர்கள் மீனின் பக்கவாட்டில் நூல் துண்டு குத்தி நிற்பதைப் போலக் கண்டால் அது நங்கூரப் புழு. விஞ்ஞானப் பெயர் லேர்னியா. வெளியே தெரிவது வால் பகுதி மட்டுமே. தலை நங்கூரம் போலக் கிளை விட்டுச் சதைக்குள் புதைந்திருக்கும். நூலின் நுனியில் இரண்டு சிறு பைகள் தொங்கினால் முட்டை தயார் என்று அர்த்தம். தட்டையாக, வட்டமாக, பயறு அளவில் ஒன்று உடம்பில் ஒட்டிக்கொண்டு, தொட்டால் நகர்ந்து ஓடினால் அது மீன் பேன், அதாவது ஆர்கியுலஸ். கப்பியின் மலவாசலில் சிவப்பு நூல்கள் எட்டிப் பார்த்தால், மீன் அசையும்போது அவை உள்ளே போய் மீன் நின்றதும் வெளியே வந்தால், அது கெமலானஸ் என்ற குடல் புழு. தண்ணீரில் ஊற்றும் நீல, பச்சை மருந்துகள் எவையும் அதை அசைக்காது. கால்நடைகளுக்குப் பூச்சி மருந்தாகக் கொடுக்கும் லெவமிசோல் வேலை செய்யும். ஆனால் அளவை ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டே போட வேண்டும்.

தங்கத்தூள் நோய்க்கு ஒரு டோர்ச் போதும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு மீனின் மேல் பக்கவாட்டிலிருந்து ஒளியைச் செலுத்துங்கள். தோலில் மஞ்சள் மாப்பொடி தூவியது போல மினுங்கினால் பிசினோஓடினியம் வந்துவிட்டது. நேரே பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த உயிரிக்குள் செடிகளைப் போலப் பச்சையம் உண்டு, ஒளி அதற்கு உதவும். எனவே மருந்து போடும் நாட்களில் தொட்டியை மூடி இருட்டாக்கி வைப்பது நல்லது.

வெண்புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாரி காலத்தில் நம்மை அதிகம் வதைப்பது அதுதான். பகலில் வெயில், இரவில் மழை, திறந்த சீமெந்துத் தொட்டியின் நீர் சட்டென்று குளிர்கிறது, மீனின் எதிர்ப்புச் சக்தி விழுகிறது. நாம் காணும் அந்த வெள்ளைப் புள்ளி மீனின் தோலுக்கு அடியில் இருந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. தோல் அதற்குக் கூரை, எனவே எந்த மருந்தும் அங்கே அதைத் தொடாது. தின்று கொழுத்ததும் அது மீனை விட்டு இறங்கித் தொட்டியின் அடியில் ஒட்டி, கூடு கட்டி, உள்ளே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகி, நீந்தும் குஞ்சுகளாக வெளியே வரும். இரண்டு நாளளவில் ஒரு மீனைக் கண்டுபிடிக்காவிட்டால் அவை செத்துவிடும். மருந்து கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டுமே.

இதனால்தான் ஒரு நாள் மருந்து போட்டு, புள்ளி மறைந்ததும் “சுகமாகிவிட்டது” என்று நிறுத்துபவர் ஏமாறுகிறார். புள்ளி மறைந்தது மருந்தால் அல்ல, அது இறங்கிப் பிள்ளை பெறப் போயிருக்கிறது. 25 பாகை செல்சியஸ் அளவில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும், குளிர் கூடினால் நீளும். பத்துப் புள்ளி இறங்கினால் அடுத்த சுற்றில் ஆயிரக்கணக்கில் திரும்பி வரும். புள்ளி மறைந்த பின்னரும் மருந்தைத் தொடர வேண்டும், அடியிலுள்ள அழுக்கை நாள்தோறும் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். உறிஞ்சும் அழுக்கோடு கூடுகளும் போகும். மருந்துக்குச் செலவில்லாத பாதி வைத்தியம் அதுவே.

நுணுக்குக்காட்டி என்ற முதலீடு

மீதமுள்ளவை கண்ணுக்குத் தெரியா. ஆனால் உரசுதல், செட்டையை மடித்து வைத்திருத்தல், தோலில் பாலாடை போன்ற சளி, மெலிவு என்ற அடையாளங்களை அவை எல்லாமே தரும். அடையாளத்தைக் கொண்டு மட்டும் எவன் திருடன் என்று சொல்ல முடியாது. 40, 100, 400 மடங்கு பெருக்கும் ஒரு சாதாரண மாணவர் நுணுக்குக்காட்டி இருந்தால் நமது தேவையில் பத்தில் ஒன்பது முடிந்துவிடும். தனியாக வாங்க வசதியில்லாதவர் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை நமது பகுதியில் வீதிக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வாப்பாவின் மீன் தொழிலுக்கு மகள்தான் ஆய்வுகூடம் என்ற நிலைமையை ஓரிரு வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் தொட்டிகள் வற்றவில்லை.

முறை கஷ்டமானதல்ல. உயிரோடு உள்ள, ஆனால் நோய் தெரியும் மீன்களில் மூன்று நாலைத் தெரிந்தெடுங்கள். செத்த மீன் வேண்டாம். மீன் செத்த சிறிது நேரத்தில் பல ஒட்டுண்ணிகள் அதை விட்டு இறங்கிவிடும். அதற்குப் பதில் பிணம் தின்னும் உயிரிகள் ஏறிக்கொள்ளும். அவற்றைப் பார்த்துக் கொலைகாரனைக் கண்டுவிட்டோம் என்று நினைத்தால் வழக்குத் திசைமாறிவிடும். மீன் துடித்தால் கராம்பு எண்ணெயை வெதுவெதுப்பான நீரில் நன்கு குலுக்கிக் கலந்து, தொட்டி நீர் லீற்றருக்கு ஒரு துளி என்ற கணக்கில் சேர்த்தால் அமைதியாகும். வேலை முடிந்ததும் நல்ல நீரில் விட்டால் எழும்பும். ஸ்லைடில் அதே தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு. மெல்லிய கண்ணாடி மூடியின் விளிம்பால் முன் செட்டைக்குப் பின்னாலிருந்து வாலை நோக்கி இலேசாகச் சுரண்டி, சளியை அந்தச் சொட்டில் கலந்து மூடிப் பாருங்கள். வால் நுனியில் ஒரு சிறு துண்டு, இழக்கத் தயாரான மீன் ஒன்றிலிருந்து செவுள் இழைத் துண்டு, இவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள். காயுமுன் பார்க்க வேண்டும். அசைவுதான் அடையாளம், அசைவு நின்றால் அனுபவசாலிக்கும் அரைவாசிதான் தெரியும்.

100 மடங்கில் ஒரு தட்டு சுழன்று சுழன்று போவது தெரிந்தால், நடுவில் பற்சக்கரம் போல வளையம் இருந்தால், அது ட்ரைக்கோடைனா. ஒரு சுரண்டலில் இரண்டொன்று இருந்தால் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். கூட்டமாக இருந்தால் தொட்டி அழுக்கு, மீன் நெருக்கம் என்று அது உங்களுக்குச் சொல்கிறது. பெரிய உருண்டை ஒன்று மெதுவாகப் புரண்டு, உள்ளே குதிரை லாடம் போல வளைந்த கரு தெரிந்தால் வெண்புள்ளி. பேரிக்காய் வடிவில் சிறிதாக, உடல் முழுக்க மயிரோடு வேகமாக ஓடினால் டெட்ராஹைமினா. கப்பி வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். சளியில் மட்டும் இருக்கும்போது பிடித்தால் தண்ணீரைச் சுத்தமாக்கித் தப்பலாம். சதைக்குள் புகுந்துவிட்டால் அந்த மீனை அகற்றுவதைத் தவிர வேறு வழி குறைவு. 400 மடங்கில் மட்டும், காற்புள்ளி போலச் சின்னஞ்சிறிதாக மினுக்கி மினுக்கி அசைவது கொஸ்டியா. இது குஞ்சுகளை ஒரே இரவில் வெறுமையாக்கக் கூடியது, பார்ப்பவர்கள் பலர் தவறவிடுவதும் இதைத்தான்.

அடுத்து தட்டைப்புழுக்கள். பணத்தோடு மிக நெருங்கிய பாடம் இங்கேதான் இருக்கின்றது. கொக்கிகளால் பற்றிக்கொண்டு அட்டை போல நீண்டு சுருங்கும் இரண்டு புழுக்கள் உண்டு. கைரோடக்டைலஸ் பெரும்பாலும் தோலிலும் செட்டையிலும் இருக்கும். தலையில் கண்புள்ளி இல்லை. வயிற்றுக்குள் இன்னொரு புழுவின் கொக்கிகள் தெரியும். அது குட்டி போடும் இனம். பிறக்கப்போகும் குட்டிக்குள்ளேயே அடுத்த குட்டி வளர ஆரம்பித்திருக்கும்! ஒரே ஒரு புழு ஒரு தொட்டியை நிரப்பப் போதும். டக்டைலோகைரஸ் செவுளில் இருக்கும், தலையில் நாலு கரும் புள்ளிகள், அது முட்டையிடும். முட்டையை மருந்து கொல்லாது. ஆகவே முன்னதற்கு ஒழுங்காக ஒருமுறை செய்த வைத்தியம் போதுமாகலாம். பின்னதற்கு முட்டை பொரித்த பிறகு, ஏறத்தாழ ஒரு வாரத்தில், கட்டாயம் மறுமுறை செய்ய வேண்டும். இந்த நாலு புள்ளியைப் பார்த்தவர் இரண்டாம் முறை மருந்து போடுவார். பார்க்காதவர் “இந்த மருந்து சரியில்லை” என்று கடையை மாற்றுவார்.

கைரோடக்டைலஸைச் சின்னப் புழு என்று எண்ண வேண்டாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு இனம் 1970களில் வெளியிலிருந்து கொண்டுவந்த மீன் குஞ்சுகளோடு நோர்வேக்குள் புகுந்து, ஆறு ஆறாகச் சமன் மீன்களை அழித்தது. அந்தப் புழுவை ஒழிப்பதற்காக நோர்வே அரசாங்கம் முழு ஆறுகளுக்கே ரொட்டனோன் என்ற நஞ்சிட்டு, உள்ளிருந்த மீன் அத்தனையையும் கொல்ல வேண்டி வந்தது. எல்லாம் பரிசோதிக்காமல் ஏற்றிய சில மீன்களின் விலை.

அளவு தெரியாத மருந்து நஞ்சு

எது என்று தெரிந்த பிறகுதான் மருந்து. அதற்கும் முன் தொட்டியில் எத்தனை லீற்றர் தண்ணீர் என்று தெரிய வேண்டும். நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28.3ஆல் பெருக்குங்கள். 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி நீர் என்றால் 64 கன அடி, அதாவது சுமார் 1810 லீற்றர். நாலு வாளி, ஐந்து வாளி என்று கண்மதிப்பில் ஊற்றியவர்கள் நோயால் இழந்ததைவிட மருந்தால் இழந்தது அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

உப்பு நமது கைக்கெட்டிய மருந்து. லீற்றருக்கு 3 கிராம் என்ற அளவில் சில நாட்கள் வைத்திருந்தால் ஒற்றைக்கல உயிரிகள் பலவற்றை அடக்கும். மேலே சொன்ன தொட்டிக்கு அது 5 கிலோவும் கொஞ்சமும். கப்பியும் மொலியும் உப்பைத் தாங்கும், டெட்ரா போன்றவை அவ்வளவு தாங்கா. தட்டைப்புழுவுக்குப் பிரசிகுவன்டல் சிறந்தது. லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் ஒரு நாள் வைக்கும் முறை பரவலானது. போமலின் 1000 லீற்றருக்கு 25 மில்லிலீற்றர் என்பது வெளி ஒட்டுண்ணிகளுக்கான வழமையான அளவு, நமது தொட்டிக்கு 45 மில்லிலீற்றர். ஆனால் அது தண்ணீரின் ஒட்சிசனைக் குறைக்கும், எயார் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நிற்கும் நாளில் போமலின் போடாதீர்கள். போத்தலின் அடியில் வெள்ளைப் படிவு விழுந்திருந்தால் அந்தப் போத்தல் வேண்டாம், அது கடும் நஞ்சு. கைக்கு உறை, மூக்குக்குத் துணி அவசியம். மலக்கைட் கிரீன் பாவிப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளவும். உணவு மீனுக்கு அதைப் பாவிப்பது உலகின் பல நாடுகளில் தடை. பக்கத்துத் தொட்டியில் சாப்பாட்டுக்குத் திலாப்பியா வளர்த்தால் வலை, வாளி, கழிவு நீர் எதுவும் அங்கே போகக்கூடாது. எந்த மருந்தாயினும் பத்து மீனை ஒரு வாளியில் வைத்துப் பரீட்சித்த பிறகே தொட்டிக்கு.

மருந்தே இல்லாத ஒன்றும் அந்த 21இல் இருக்கிறது. செவுள் மூடி திறந்தபடியே நிற்கும், வேறு அடையாளம் இராது. செவுள் இழையைப் பார்த்தால் உள்ளே முட்டை வடிவக் கூட்டில் ஒரு புழுக் குடம்பி சுருண்டு கிடக்கும். இது சென்ட்ரோசெஸ்டஸ். தண்ணீரில் ஊற்றும் எதுவும் கூட்டுக்குள் போகாது. ஆனால் இது மீனிலிருந்து மீனுக்குத் தொற்றாது. கொக்கின் எச்சத்தில் முட்டை, தொட்டியிலுள்ள நீண்ட சுருள் ஓட்டு நத்தையில் வளர்ச்சி, அங்கிருந்து மீனின் செவுளுக்கு, அந்த மீனைக் கொக்கு தின்றால் மீண்டும் கொக்குக்கு. வயல்களும் வாவிகளும் சூழ்ந்த நமது பிரதேசத்தில் கொக்குக்குப் பஞ்சமில்லை. தொட்டிக்கு மேலே நைலோன் வலை, தொட்டிக்குள்ளே நத்தை இல்லாமை, இவ்விரண்டும்தான் வைத்தியம். வாய்க்காலில் அள்ளி வந்த பாசியோடும் நீர்ச்செடியோடும் நத்தை வரும். அழகுக்கென்று வைத்த செடி செவுளில் போய் முடியும்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

புதிதாக மீன் வாங்கினால் இரண்டு வாரம் தனித் தொட்டி, தனி வலை, தனி வாளி. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. காரணம் தனித் தொட்டியைச் சும்மா வைத்திருப்பது நட்டம் என்ற எண்ணம். வந்த அன்றே ஐந்து மீனைச் சுரண்டிப் பார்த்து, பத்தாம் நாள் மறுபடி பார்த்தால் அந்தத் தொட்டி சும்மா கிடக்கவில்லை, காவல் நிற்கிறது. வாங்கும் இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: கடைசியாக என்ன மருந்து, எப்போது போட்டீர்கள்? நேற்றுப் போட்டேன் என்றால் இன்று சுத்தமாகத் தெரியும் மீன் அடுத்த வாரம் அப்படித் தெரியாது.

விற்பவர் பக்கத்திலும் கடமை உண்டு. சரக்கிலுள்ள குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பதை நமது வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. துணியில் ஓட்டை இருந்தால் காட்டுகிறோம். செவுளில் புழு இருப்பது தெரிந்தும் வெள்ளிக்கிழமைக்குள் தள்ளிவிட நினைப்பது அதைவிடப் பெரிய மறைப்பு. துணியின் ஓட்டை பக்கத்துத் துணிக்குப் பரவாது.

ஏற்றுமதிக்குப் போகும் சரக்குக்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழ் தேவை. நாம் நேரடியாக ஏற்றுமதி செய்யாவிட்டாலும், வாங்கும் கம்பனி அந்தச் சுமையை நம் மீது இறக்கத்தான் செய்யும். தொட்டி இலக்கம், சுரண்டிய திகதி, கண்டது என்ன, போட்டது என்ன, எத்தனை செத்தது என்று ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் எழுதி வைத்திருக்கும் வளர்ப்பாளரிடம் விலை பேசும்போது சேகரிப்பவரின் குரல் மாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சொந்தமாகப் பார்த்தும் விளங்காவிட்டால் அம்பாறை மாவட்டத்திலேயே கேட்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் நிலையம் இங்கினியாகலையில் உண்டு. அங்கு முதன்மை வேலை குளங்களுக்கான உணவு மீன் குஞ்சுதான், என்றாலும் மீனைத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் நமது வாசலில் இருக்கின்றது, உயிரியல் கற்பிக்கும் இடம், கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. கிட்டிய அரச மிருக வைத்திய அலுவலகத்தையும் மறக்க வேண்டாம்.

கொண்டுபோகும்போது மட்டும் ஒரு வேண்டுகோள். ஐஸில் வைத்த மீனையோ சாராயத்தில் போட்ட மீனையோ கொண்டுபோகாதீர்கள். நோயுள்ள மூன்று மீன், சுகமாகத் தெரியும் இரண்டு மீன், உயிரோடு, அதே தொட்டித் தண்ணீரில், மருந்து எதுவும் போடுமுன். வேறொரு போத்தலில் ஒரு லீற்றர் தொட்டி நீர். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு, வெயில் ஏறுமுன் காலையிலேயே கொண்டுபோய்ச் சேருங்கள், கொப்பியையும் எடுத்துக்கொண்டு.